தாழ்தள பஸ் குருசடியில் நின்ற விதம்

இனி பஸ்களுக்குள் கேமரா வைக்கப் போகிறார்களாம். எங்கள் பழைய டெப்போ ஆட்களின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் படத்தோடு போட்டிருந்தார். அதன் கீழே, இப்போது செக்கிங் வேலையில் இருக்கும் ஒருவர், "செல்லத்துரை சார், இனி ஒங்கள மாதிரி ஆளுவளுக்கு சோலி இல்ல போல இருக்கே" என்று எழுதியிருந்தார். உடனே பலர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். நான் பதில் போடவில்லை. என் வாயைக் கிளறத்தான் அவர் அப்படி எழுதினார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு முழுக்க ஒரு பஸ் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

டெப்போவில் என் பெயர் சந்தேகம் செல்லத்துரை. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் நான் டீக்கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுபோவதை வைத்துத் தெரிந்துகொண்டேன். கண்டக்டராக வேலைக்குச் சேர்ந்து, மேடும் பள்ளமுமாகப் பல வழித்தடங்களில் விசில் ஊதி, பிறகு டிக்கெட் பரிசோதகர் ஆனேன். கற்றுக்கொண்டது அதிகம் இல்லை. கேட்பதற்கு முன்பே டிக்கெட்டை நீட்டுகிறவனின் டிக்கெட்டை நன்றாகப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் கண்ணை மூடியிருக்கிறவர்களில் பாதிப் பேர் தூங்குவதில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு ஆள் ஊன்றுகோலோடு ஏறி, மாற்றுத்திறனாளி பாஸைக் காட்டிக்கொண்டு பல நாள் பயணம் செய்தார். ஒரு நாள் நான் பாஸிலுள்ள படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்ததும், ஊன்றுகோலை என் கையிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடினார். அத்தனை வேகமாக நான் என் இருபது வயதில்கூட ஓடியதில்லை. அதிலிருந்து பாஸ் என்றாலே எனக்குக் கண் சுருங்கும்.

ஓய்வு பெறுவதற்குச் சில காலம் முன்புதான் எங்கள் டெப்போவுக்கு அந்தத் தாழ்தள பஸ் வந்தது. தேங்காப்பட்டணத்தில் புறப்பட்டு, இனயம், கருங்கல், திங்கள்சந்தை வழியாக நெய்யூர் போகிற வழித்தடத்தில் காலை டிரிப்புக்குப் போட்டார்கள். நடுவாசலில் படியே கிடையாது. வாசலை ஒட்டித் தரையோடு தரையாக ஒரு மடக்குப் பலகை உண்டு. சக்கர நாற்காலியில் வருகிறவரை ஏற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. டிரைவர் பஸ்ஸை நிறுத்தத்தை ஒட்டி நேராக நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, ஒரு விசையை அழுத்த வேண்டும். காற்று இறங்கி பஸ் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் சாயும். கண்டக்டர் கீழே இறங்கி, பலகையின் வளையத்தில் கொக்கியை மாட்டித் தூக்கி வெளியே விரிக்க வேண்டும். பலகையின் நுனி சமமான தரையில் உட்கார வேண்டும். நாற்காலியை ஏற்றி, சக்கரத்தைப் பூட்டி, வாரைக் கட்டி, பலகையை மடக்கி, பிறகுதான் இரட்டை விசில். எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஆனால் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நின்றுவிட்டால் அவ்வளவுதான். எங்கள் ஊர் ரோட்டின் மேல் திரும்பத் திரும்பத் தார் போட்டு ரோடு உயர்ந்து, ஓரம் பள்ளமாகக் கிடக்கிறது. அங்கே பலகையை விரித்தால் அது செங்குத்தாகத் தொங்கும். அதில் யாரும் ஏற முடியாது.

இனயத்தில் ரோட்டோரமாகச் சிலுவை நட்டு, மாடம் கட்டி, மெழுகுவர்த்தி ஏற்றுகிற ஒரு குருசடி உண்டு. அதன் முன்னால் சிமென்ட் தளம் போட்டிருந்தார்கள். அந்த இடம் மட்டும் சமம். அந்த நிறுத்தத்தைப் பற்றித்தான் புகார் வந்தது.

எங்கள் கிளை மேலாளர் பத்மகுமாரி மேடம், இரணியல் பக்கத்துக்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார், உட்காரச் சொல்வார். புகாரை ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிப்பார். வாசித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிரில் இருப்பவர் பேசுவதை முழுக்கக் கேட்பார். பேசி முடித்ததும் கொஞ்சம் தண்ணீர் குடிப்பார். பிறகு, "சொல்லியாச்சா? சரி. இனி சொல்லாததைச் சொல்லுங்க" என்பார். எத்தனை பெரிய வாயாடியும் அந்த இடத்தில் உளறிவிடுவான். அந்த வித்தையை என்னிடமும் காட்டுகிறார் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

"ஸ்டெல்லா மேரின்னு ஒரு பொண்ணு" என்றார். "சின்ன வயசில இளம்பிள்ளை வாதம் வந்து ரெண்டு காலும் நடக்க வராது. சக்கர நாற்காலி. நெய்யூர்ல ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துல கவுண்டர் வேல. குருசடியில நம்ம பஸ் நிக்கறதில்லன்னு எழுதியிருக்கு. டிரைவரும் கண்டக்டரும் அப்படி ஒரு ஆளே அங்க நிக்கறதில்லன்னு சொல்லுதாவ. மாசக் கடைசிக்குள்ள சக்கர நாற்காலி ஆள் தெனமும் ஏறுதுன்னு கணக்கு காட்டலன்னா பஸ்ஸ வேற மாவட்டத்துக்குக் கொண்டு போயிருவோம்னு மேல இருந்து சொல்லியாச்சு."

"நம்ம டெப்போவுலயே யாருக்கோ இந்த பஸ் போனா போதும்ணு இருக்கு, மேடம்" என்றேன்.

"அதுவும் இருக்கலாம். அந்தப் பொண்ணு பொய் சொல்லுதா, நம்ம ஆளுக பொய் சொல்லுதாவளான்னு பாத்துட்டு வாங்க. ரெண்டு பேரும் பொய் சொன்னாலும் சொல்லுங்க."

டிரைவர் ராஜமணி பேசவே இல்லை. கண்டக்டர் ஜெபசிங் டெப்போ வாசலில் என்னை மறித்தான். "சார், அந்தப் பொம்பள நிண்ணா ஏத்தாம போவமா? நமக்கும் மனசு உண்டுல்லா. வீடியோ எடுத்துப் போடணும், நாலு பேரு பாக்கணும். அதுக்க நெனப்பு அதுதான்." அவன் சொன்னதை நான் நம்பவில்லை. அவளையும் நம்பவில்லை.

முதல் நாள் நான் தேங்காப்பட்டணத்திலேயே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். குருசடியில் பஸ் அழகாக நின்றது. இது எதிர்பார்த்ததுதான், செக்கர் உள்ளே இருந்தால் எந்த பஸ்ஸும் ஒழுங்காக நிற்கும். ஆகவே அடுத்த முறை லுங்கி கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தெரிந்த ஒருவரின் ஸ்கூட்டரில் விடிகாலையிலேயே போய், மீன் கூடைப் பெண்களுக்கு நடுவே நின்றேன். ஸ்டெல்லா சிமென்ட் தளத்தில் நாற்காலியில் இருந்தாள். நாற்பதைத் தொடுகிற வயது, மடியில் ஒரு பையும் சாப்பாட்டுப் பாத்திரமும். பஸ் வந்தது. குருசடியை ஒட்டி, கோடு போட்ட மாதிரி நின்றது. ஜெபசிங் குதித்து இறங்கி, பலகையை விரித்து, "வாங்கக்கா, பைய வாங்க" என்றான். அந்தக் குரலில் இருந்த சர்க்கரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பஸ் நின்றது, அவள் ஏறினாள். அப்படியானால் புகார் பொய்.

நானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெதுவாக, "பாஸ் இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் பையைத் திறந்தாள். "சார் லுங்கி கெட்டிட்டு வந்தாலும் பாஸ் கேப்பியளோ?"

"நான் யாருண்ணு எப்படித் தெரியும்?"

"பஸ் வந்தா எல்லாரும் வாசலப் பாப்பாவ, எடம் கிடைக்குமாண்ணு. நீங்க மட்டும் வாச்சப் பாத்திய. எனக்கே தெரிஞ்சு போச்சு, பின்ன பஸ்காரனுவளுக்குத் தெரியாதா?"

பாஸை வாங்கிப் பார்த்தேன். படமும் முகமும் ஒன்றுதான். திருப்பிக் கொடுத்துவிட்டு, "பஸ் ஒழுங்காத்தானே நிக்கு? பின்ன எதுக்குப் புகார்?" என்றேன்.

"நீங்க வந்தா நிக்கும். வராத அண்ணு நிக்காது." அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். "இந்த பஸ்ஸு வாறதுக்கு முன்ன எதிர்ப்பக்கம் ஒரு பஸ் போச்சுல்லா? அப்பவும் நீங்க வாச்சப் பாத்திய. அந்த டிரைவர் ஒங்களக் கண்டுட்டு, வளைவுல இந்த பஸ்ஸு எதிர வந்தப்போ கையை வெளிய நீட்டி இப்பிடிக் காட்டிட்டுப் போனாரு." பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து இழுத்து, டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஒரு ஜாடை காட்டினாள்.

அந்த ஜாடை எனக்குத் தெரியாததா? முன்னால் செக்கிங் நிற்கிறது என்று எதிரே வருகிற டிரைவருக்குச் சொல்கிற கைக்காட்டல் அது. டிக்கெட் அடிக்கிற இயந்திரம் வந்து, கிழிப்பதற்கே எதுவும் இல்லாமல் போன பிறகும் அந்த ஜாடை மாறவில்லை. கண்டக்டராக இருந்தபோது நானே அதைப் பார்த்து, டிக்கெட் வாங்காதவர்களை அவசரமாக எழுப்பி வாங்க வைத்திருக்கிறேன். அதே ஜாடையை என்னைக் கண்டும் காட்டுவார்கள் என்று எனக்குக் கொஞ்சமும் தோன்றியிருக்கவில்லை. எரிச்சலாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"மொதலாளி சொல்லிட்டாரு சார்" என்றாள் அவள். "காலைல ரத்தம் குடுக்க வாறவிய வெறும் வயித்தோட காத்து நிப்பாவ, கவுண்டர்ல ஆளு இல்லேண்ணா சண்ட. இன்னும் ஒருக்க லேட்டா வந்தா வேற ஆளப் போட்டுருவேன்ணு சொல்லிட்டாரு. அண்ணன் ஆழ்கடல் போட்டுல போயிருக்கான். தெனமும் ஆட்டோ பிடிச்சுப் போனா சம்பளத்துக்குப் போறதா, ஆட்டோக்காரனுக்குப் போறதா?"

நம்பவா வேண்டாமா என்று நெய்யூர் வரும்வரை யோசித்தேன். நம்புவது என் தொழில் இல்லை. கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் வாட்ச்சை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். குருசடிக்குப் பின்னால் வலை பின்னுகிற ஓலைக் கூடம் ஒன்று உண்டு. இருட்டு விலகும் முன்பே உள்ளே போய், வலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். எதிரே போன பஸ்ஸுக்கு என்னைத் தெரியவில்லை. தாழ்தள பஸ் வந்தது. வேகத்தைக் குறைக்காமல் குருசடியைத் தாண்டி, ரோட்டோரம் பள்ளமாகக் கிடக்கிற இடத்துக்குப் போய் நின்றது. கூடைப் பெண்கள் ஓடினார்கள், பள்ளிப் பிள்ளைகள் ஓடினார்கள். தடி ஊன்றிய ஒரு வயசாளி நாலு எட்டு வைத்துவிட்டு நின்றுவிட்டார். ஸ்டெல்லா கையை உயர்த்திக்கொண்டே இருந்தாள். ஜெபசிங் பின்வாசலில் தொங்கியபடி அவளைப் பார்த்தான், நன்றாகவே பார்த்தான். பிறகு விசில் ஊதினான். அவள் கத்தவில்லை. கையை இறக்கி மடிமேல் வைத்துக்கொண்டாள். வலைக் கூடத்திலிருந்து வெளியே வந்து, அன்றைக்கும் என்னைக் கொண்டுவந்து விட்ட ஸ்கூட்டர்காரரை அனுப்பி ஒரு ஆட்டோ பிடித்து அவளை ஏற்றிவிட்டேன்.

விசாரணை மேடத்தின் அறையில் நடந்தது. ஜெபசிங் முதலில் மறுத்தான். வலைக் கூடம் என்று நான் சொன்னதும் மறுப்பதை விட்டான். மேடம் தண்ணீர் குடித்தார். "ராஜமணி, நீங்க இன்னும் ஒண்ணும் பேசல. சொல்லாததைச் சொல்லுங்க."

அந்த மனிதர் தலையை நிமிர்த்தினார். "சொல்லுதேன் மேடம். பலகை போட்டு ஆள ஏத்தினா கருங்கலுக்கு லேட்டு. அதுக்குள்ள பிரைவேட் பஸ்ஸு கூட்டத்த அள்ளிட்டுப் போயிருவான். வண்டிக்கு வசூல் இல்ல, நேரமும் இல்ல. லேட்டுக்கு எனக்கு மெமோ வரும். அந்த மெமோவுல கையெழுத்து யாருக்கது? ஒங்களுக்கதுதானே?"

மேடம் கையில் இருந்த டம்ளரை மேசையில் வைத்தார். இரண்டாவது முறை குடிக்கவில்லை. கடைசியில், "இனி இந்த டிரிப்புல பலகையால லேட்டானா மெமோ தரமாட்டேன்" என்றார்.

"எழுதித் தாருங்க மேடம்."

"எவ்வளவு நேரத்துல ஓடணும்ங்கற ரன்னிங் டைம் மேல இருந்து போடறது. நான் எழுதித் தர முடியாது. நான் சொல்லுதேன்லா?"

ராஜமணி எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த வாய் வார்த்தையை அவர் நம்பவில்லை என்பது அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். மேடம் நல்லவர்தான், ஆனால் நாளைக்கு அவரையே மாற்றிவிட்டால் அந்த வாய் வார்த்தையை யாரிடம் போய்க் காட்டுவது?

மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரம் பார்த்து என்னைக் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்துக்கு டியூட்டி மாற்றினார்கள். மலைப்பாதையில் ரப்பர் தோட்டத் தொழிலாளிகளின் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு, மனசெல்லாம் கடற்கரையில் இருந்தது. வேண்டுமென்றே என்னைத் தள்ளி வைத்துவிட்டார்களோ என்றும் தோன்றியது. பஸ் வேறு மாவட்டத்துக்குப் போனால் அவள் வேலையும் போகும். அவள் போட்ட புகாரும் பொய் என்று ஆகிவிடும்.

ஒரு மாலை டெப்போவில் ராஜமணி என்னிடம் நேராக வந்தார். முகம் கடுகடு என்று இருந்தது. "சார், எங்க மேல இவ்வளவு சந்தேகமா? அந்த வலக்கூடத்துக்குள்ள தெனமும் போய் குத்த வச்சு இருக்கியளே, ஒங்களுக்குக் கொசு கடிக்காதா?"

நான் அந்தப் பக்கமே போகவில்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை. "டியூட்டிண்ணா டியூட்டிதானே" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஆனால் என் இடத்தில் யார் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்? எனக்குத் தெரியாமல் மேடம் வேறு ஆளைப் போட்டிருக்கிறாரா? நேரே அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் என்னை விடச் சந்தேகமாகப் பார்த்தார். "நீங்கதான் என்கிட்ட சொல்லாம போறீங்கன்னு நான் நெனச்சேன்" என்றார். அப்படியானால் யார்?

எனக்கு லீவு இருந்த ஒரு நாள், வாட்ச் இல்லாமல், அதே ஸ்கூட்டரை இரவல் வாங்கி, தலையில் ஹெல்மெட்டோடு போனேன். இந்த முறை வலைக் கூடத்துக்குப் போகவில்லை. கொஞ்சம் தள்ளி, கோயில் மதிலோரமாக ஸ்கூட்டரை நிறுத்தி, ரிப்பேர் பார்ப்பவனைப் போலக் குனிந்துகொண்டேன். ஸ்டெல்லா வழக்கமான இடத்தில் இருந்தாள். வளைவில் தாழ்தள பஸ்ஸின் முகப்புத் தெரிந்தது. அவள் நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தவில்லை. ஒரு கையை நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து, டிக்கெட் கிழிக்கிற ஜாடையை டிரைவருக்குக் காட்டினாள். பிறகு மோவாயை மெல்லத் திருப்பி, பின்னால் இருக்கிற வலைக் கூடத்தைக் காட்டினாள்.

பஸ் சிமென்ட் தளத்தை ஒட்டி மயிரிழை பிசகாமல் நின்றது. காற்று இறங்கிச் சாய்ந்தது. ஜெபசிங் இறங்கிப் பலகையை விரித்தான். நாற்காலியை உள்ளே தள்ளினான். அந்தத் தடிக்கார வயசாளியையும் கைபிடித்து ஏற்றினான். எல்லாம் முடிந்ததும் வலைக் கூடத்தைப் பார்த்து நெற்றியில் கைவைத்து ஒரு சல்யூட் அடித்துவிட்டு விசில் ஊதினான். அந்தக் கூடத்துக்குள் நைலான் வலையைத் தவிர ஒன்றும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

நான் ஒரு நாள் ஒளிந்திருந்தது அவர்களுக்குத் தெரியும். டியூட்டி எங்கே மாறியிருந்தாலும், இன்றைக்கு இருக்கிறேனா இல்லையா என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி வந்து எட்டிப் பார்க்கிற தைரியம் எந்தக் கண்டக்டருக்கு உண்டு? என்னுடைய சந்தேகப் பெயரை எடுத்து, எனக்கே தெரியாமல், அவள் அங்கே காவல் வைத்துவிட்டாள்.

மாசக் கடைசி கடந்தது. சக்கர நாற்காலி தினமும் ஏறியதால் பஸ் எங்கள் டெப்போவிலேயே இருந்தது, அவள் வேலையும் இருந்தது. மேடம் என்னைக் கூப்பிட்டார். "குருசடியில இப்ப எப்படி ஒழுங்கா நிக்கு?" நான் ஏதோ சொன்னேன். தண்ணீர் குடித்தார். "சரி, சொல்லாததைச் சொல்லுங்க." "ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மேலிடத்துக்கு விடாமல் எழுதி எழுதி, அந்த டிரிப்புக்கு ரன்னிங் டைம் கூட்டி வாங்கியதும் அவர்தான். இனி பலகை போட்டாலும் லேட் ஆகாது, மெமோவும் வராது.

ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை பார்ப்பதற்காக நெய்யூருக்குப் போனேன். ஸ்டெல்லா கவுண்டரில் இருந்தாள். என் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். "நீங்க அண்ணைக்கு மதிலோரத்துல நிண்ணியல்லா? யாருக்கிட்டயும் சொன்னியளா சார்?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா. இப்ப எப்படி? ஒழுங்கா நிக்கானுவளா?"

"அது என்னத்துக்குக் கேக்கிய, தங்கம் மாதிரி நிக்கானுவ. ஜெபசிங் அண்ணன் மழையில கொட பிடிச்சு ஏத்துவான். ராஜமணி அண்ணன் நான் வரலேண்ணா எங்கன்னு கேப்பாரு."

"நல்லதுதானே. இனி அந்தக் கை காட்டலுக்கெல்லாம் அவசியம் இல்லியே?"

அவள் ரத்தம் எடுக்கிற அறைப் பக்கமாகச் சீட்டை நீட்டினாள். "தெனமும் காட்டுதேன் சார். அவனுவ நிக்கது எனக்காவா, இந்தக் கைக்காவாண்ணு எனக்குத் தெரியாதே. ஒரு நாளு கையைக் கீழ போட்டுட்டு இருந்து பாத்தா தெரிஞ்சு போவும். அந்த ஒரு நாளு பஸ்ஸு போயிட்டுண்ணா?"

சும்மா ஒரு நாள் நம்பித்தான் பாரேன் மக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாயிலிருந்து அது வரவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கையை நீட்டினேன்.